பெயர் திரும்பி வந்தது, ருசி வந்ததா?

(வாசகர் கேள்வி – பதில்)

மறைந்துபோன ஊர்ப் பீர் பிராண்டுகளைப் பற்றிச் சில மாதங்களாக வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவை அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுடையவை. நுவரெலியாவையும் ஊட்டியையும் பற்றியும் ஒன்று இருக்கிறது. டின், லேபிள் சேகரிப்பவர்களின் கேள்விகள் பின்பாதியில்.

கே: ஒரு காலத்தில் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த ஷ்லிட்ஸ் எப்படி அப்படிச் சரிந்தது? ‘கெமிக்கல் கலந்தார்கள்’ என்று சொல்கிறார்களே, உண்மையா? — நியூ ஜெர்சி வாசகர்

ப: கலந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே பாதிக் கெடுதல் நடந்து முடிந்திருந்தது.

1950-களின் தொடக்கத்தில் மில்வாக்கி நகரத்து ஷ்லிட்ஸ்தான் அந்த நாட்டின் பெரிய பீர். 1953-இல் மில்வாக்கி ஆலைகளில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அந்த இடைவெளியில் செயின்ட் லூயிஸின் ஆன்ஹைசர்-புஷ் முந்திக்கொண்டது. அதன்பின் சில ஆண்டுகள் இருவரும் மாறி மாறி முன்னால் வந்தார்கள், பிறகு ஷ்லிட்ஸ் இரண்டாம் இடத்திலேயே தங்கிவிட்டது. இரண்டாம் இடம் ஒன்றும் மோசமில்லை. சிக்கல், அந்த இடத்திலிருந்துகொண்டு செலவைக் குறைத்து லாபம் காட்டப் பார்த்ததில் இருக்கிறது.

மூன்று இடங்களில் கை வைத்தார்கள். மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியில் ஒரு பங்கைக் குறைத்து, மலிவான மக்காச்சோளச் சிரப்பைச் சேர்த்தார்கள். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸைப் பூவாகப் போடாமல் வடிசாறாகவும் வில்லையாகவும் போட்டார்கள். மூன்றாவதுதான் பெரியது: நொதிக்கும் நாட்களைக் குறைத்தார்கள். லாகர் வகைப் பீர் 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் மெதுவாக நொதித்து, பிறகு பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டியது. அந்தக் கிடப்பில்தான் ஈஸ்ட், தான் உண்டாக்கிய வெண்ணெய் வாசனையையும் பச்சை ஆப்பிள் நெடியையும் தானே தின்று தீர்க்கிறது. தொட்டியைக் கலக்கிவிட்டு வேலையைச் சீக்கிரம் முடித்தால் ஆல்கஹால் கிடைத்துவிடும். ஆனால் ஊறுகாயை ஊறுவதற்கு முன்பே இலையில் வைத்த மாதிரிதான் இருக்கும்.

இனி அந்தக் கெமிக்கல். குளிரவைத்த பீர் கலங்கும், ஏனென்றால் பார்லியின் புரதமும் பாலிஃபீனால் என்னும் துவர்ப்புப் பொருளும் குளிரில் கைகோத்துக்கொள்ளும். இதைத் தடுக்க ஷ்லிட்ஸ் சிலிக்கா ஜெல்லைப் பயன்படுத்திவந்தது. 1976-இல், சேர்மானங்களையெல்லாம் லேபிளில் அச்சிட வேண்டும் என்று அரசு சொல்லிவிடுமோ என்ற பயம் வந்தது. அதனால் வடிகட்டும்போது நீங்கிவிடும், ஆகவே சொல்ல வேண்டியிருக்காது என்று நம்பி ‘சில்-கார்ட்’ என்ற வேறொரு பொருளுக்கு மாறினார்கள். பீரில் ஏற்கெனவே நுரை நிற்பதற்காக ஒரு பொருள் இருந்தது. இரண்டும் சேர்ந்து பாட்டிலுக்குள் வெள்ளைத் துணுக்குகளாகத் திரண்டன. ஏறத்தாழ ஒரு கோடி பாட்டில்களையும் டின்களையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு பொருளும் தனியாகச் சோதித்தால் பிழையில்லாதது. இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு, நாள் கடத்தி, குளிரவைத்து, அலுங்கவைத்துப் பார்க்காமல் சந்தைக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும். 1981-இல் மில்வாக்கி ஆலை மூடப்பட்டது, 1982-இல் டெட்ராய்டின் ஸ்ட்ரோ நிறுவனம் ஷ்லிட்ஸை வாங்கியது, 1999-இல் பெயர் பாப்ஸ்ட் என்ற இன்னொரு பீர் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

கலங்கலைத் தடுக்கும் இன்னொரு பழைய வழி பப்பாளிப் பால். அதிலிருந்து எடுக்கும் பப்பைன் என்னும் நொதி புரதத்தைத் துண்டாக்கிவிடும். 1911-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 பப்பாளி ரகங்கள் பப்பைன் எடுப்பதற்கென்றே பெயர்பெற்றவை. தோட்டத்தில் காயைக் கீறிப் பால் வடிப்பவர்களில் எத்தனை பேருக்கு அது பீருக்கும் போகிறது என்று தெரியும்?

கே: மறுபடி வெளியிட்ட பழைய பிராண்டுகள் ‘அசல் பக்குவம்’ என்று விளம்பரம் செய்கின்றன. நம்பலாமா? — சிகாகோ வாசகி

ப: ‘அசல்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பாப்ஸ்ட் 2008-இல் ஷ்லிட்ஸின் 1960-களின் பக்குவத்தை மீண்டும் கொண்டுவந்தபோது, எழுதிவைத்த முழுக் குறிப்பு கையில் இல்லை. பழைய பீர் ஆலைக்காரர்களைத் தேடிக் கேட்டுக் கேட்டுத்தான் திரட்டினார்கள். பாட்டி போன பிறகு அவர் வைத்த குழம்பை அத்தைமாரிடம் விசாரித்து வைப்பது போல.

பாலன்டைன் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) இன்னும் கடினமான வழக்கு. நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் காய்ச்சி, மரத்தொட்டிகளில் ஏறத்தாழ ஓராண்டு கிடத்தி விற்ற கசப்பான பீர் அது. ஹாப்ஸை வடித்து எடுத்த எண்ணெயை வாசனைக்குச் சேர்த்தார்கள். 1972-இல் நியூவார்க் ஆலை மூடியது. பெயர் ஃபால்ஸ்டாஃப் நிறுவனத்தின் கைக்குப் போய், ஆலைக்கு ஆலை மாறி, ஒவ்வொரு மாற்றத்திலும் கசப்பும் ஊறும் காலமும் குறைந்து, 1990-களில் நின்றேபோனது. 2014-இல் பாப்ஸ்ட் அதை 7.2 சதவீத ஆல்கஹாலோடு மறுபடி காய்ச்சியது. நல்ல பீர்தான். ஆனால் புல்லியன் போன்ற பழைய ஹாப்ஸ் வகைகளை இன்று பெரிய அளவில் யாரும் பயிரிடுவதில்லை, அந்த மரத்தொட்டிகளும் இல்லை. பக்குவக் குறிப்பு முழுசாகக் கிடைத்திருந்தாலும் இந்த இரண்டையும் அது கொண்டுவந்திருக்காது.

தண்ணீரையே விளம்பரமாக்கிய ஒலிம்பியாவைப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் டம்வாட்டர் ஊரில் ஆர்ட்டீசியன் ஊற்றுநீரில் (நிலத்தடியிலிருந்து தானே பொங்கி வரும் நீரில்) காய்ச்சினோம் என்பதுதான் அதன் முழக்கமே. 2003-இல் அந்த ஆலை மூடியதும் கலிஃபோர்னியாவில் காய்ச்சினார்கள். டின்னில் அருவிப் படம் மட்டும் அப்படியே இருந்தது. எனவே வாங்குமுன் பெயரைப் பார்க்காதீர்கள், எந்த ஊரில் காய்ச்சி அடைத்தது என்ற சிறிய எழுத்தைப் பாருங்கள். பழைய பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கும் பாப்ஸ்டே 1996-இல் தன் மில்வாக்கி ஆலையை மூடிவிட்டு, பிறர் ஆலைகளில் கூலிக்குக் காய்ச்ச வைத்த நிறுவனம்தான்.

கே: பாலன்டைன் மூடியின் உள்ளே படப் புதிர் இருக்குமாமே? — டாலஸ்

ப: ஆமாம். படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படித்தால் ஒரு சொற்றொடர் வரும். மூடியைத் திறக்கும்போது நடுவில் மடங்கினால் சேகரிப்பு மதிப்பு போய்விடும். மூடியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, ஓபனரை மூன்று நான்கு இடங்களில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள்.

கே: அமெரிக்காவில் வீட்டில் காய்ச்ச அனுமதி உண்டு என்கிறார்கள். அந்தக் காலத்து லாகர் மாதிரி ஒன்றை வீட்டிலேயே செய்துபார்க்க முடியுமா? அளவு வேண்டும். — வட கரோலினா வாசகர்

ப: இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. இங்கே தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவது குற்றம், ஆகவே இந்தப் பதில் உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்.

19 லிட்டருக்கு: ஆறு வரிசைப் பார்லி மால்ட் 3.2 கிலோ (கிடைக்காவிட்டால் பில்ஸ்னர் மால்ட்), மக்காச்சோள அவல் 900 கிராம், 7 சதவீத ஆல்ஃபா அமிலம் (கசப்பு தருவது இதுதான்) உள்ள கிளஸ்டர் வகை ஹாப்ஸ் 30 கிராம், கடைசியில் வாசனைக்கு 15 கிராம், உலர் லாகர் ஈஸ்ட் இரண்டு பாக்கெட். ஒன்று போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் இரண்டு போடுங்கள். குளிரில் ஈஸ்ட் சோம்பேறி.

மால்ட்டையும் சோள அவலையும் 65–66 டிகிரி வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவிட்டு வடியுங்கள். சோளம் அவலாகவே இருக்க வேண்டும். ரவையாக உடைத்த சோளம் என்றால் முதலில் தனியாகக் கஞ்சி காய்ச்சிச் சேர்க்க வேண்டும், இல்லையேல் மாவுச்சத்து வெளிவராது, பீர் தண்ணியாகிவிடும். வடித்த சாற்றை 90 நிமிடம் மூடாமல் கொதிக்கவிடுங்கள். மூடினால் வேகவைத்த மக்காச்சோள வாசனை உள்ளேயே தங்கும். 30 கிராம் ஹாப்ஸ் முடிவுக்கு 60 நிமிடம் முன்பு, 15 கிராம் 10 நிமிடம் முன்பு. இறக்கியதும் செம்புச் சுருளில் தண்ணீர் ஓட்டி வேகமாக ஆறவையுங்கள்.

ஈஸ்ட் போடும்போது 10 டிகிரி, நொதிக்கும்போது 10–12. நுரை அடங்கத் தொடங்கும்போது, இனிப்பு முக்கால்வாசி தீர்ந்ததும், 17 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் வையுங்கள். இந்த மூன்று நாளைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். அதனால்தான் பாப்கார்ன் வெண்ணெய் மாதிரி மணக்கிறது. சரிபார்க்க ஒரு டம்ளர் பீரை வெதுவெதுப்பாக்கி மோந்து பாருங்கள். வெண்ணெய் வந்தால் இன்னும் இரண்டு நாள். பிறகு 1–2 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம். அதற்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜும் வெளியே பொருத்தும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் தேவை. அவை இல்லாவிட்டால் லாகரை விட்டுவிடுங்கள்.

இது இன்றைய பெரிய பிராண்டுகளைவிடக் கசக்கும். பெரிய அமெரிக்க லாகர்களின் கசப்பு பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது, ஆகவே உங்கள் பாட்டில் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கே: நுவரெலியாவில் காய்ச்சிய லயன் ஸ்டவுட் என்னும் கறுப்புப் பீர், ஊட்டிப் பீர் என்று பெரியவர்கள் பேசுவார்கள். மலையில் காய்ச்சினால் ருசியில் நிஜமாகவே வித்தியாசம் உண்டா? — யாழ்ப்பாணம்

ப: உண்டு, ஆனால் ‘மலைக்காற்று’ காரணமில்லை.

குளிர்பதன இயந்திரம் வருவதற்கு முன் சமவெளியில் பீர் நொதிக்கவைத்தால் புளித்துப்போகும். அதனால்தான் வெள்ளைக்காரர்கள் கசௌலி, மர்ரி, நீலகிரி, நுவரெலியா என்று மலையாகப் பார்த்து ஆலை வைத்தார்கள். நீலகிரியின் காஸில் ஆலை 1857-ஐச் சேர்ந்தது. அதையும் வேறு சில தென்னிந்திய ஆலைகளையும் சேர்த்துத்தான் 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் ப்ரூவரீஸை உண்டாக்கினார். சென்னை, பெங்களூர் பட்டாளத்துக்குப் பீர் மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகப் போனது. நுவரெலியாவில் சிலோன் ப்ரூவரி 1881-இல் தொடங்கியது. லயன் அதன் சின்னம்.

உயரத்தின் வேலை கொதிநிலையில் தெரியும். நுவரெலியா 1,868 மீட்டர், அங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. ஹாப்ஸின் கசப்பு நூறு டிகிரியில் கரைகிற வேகத்தில் 94-இல் கரையாது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அந்த வேகம் ஏறத்தாழ பாதியாகும். எனவே அதே அளவு ஹாப்ஸ் போட்டால் மலையில் கசப்பு குறையும், ஈடுகட்ட அதிகம் போட வேண்டும் அல்லது அதிக நேரம் கொதிக்கவிட வேண்டும். மலையில் பருப்பு வேக நேரமாவது எதனாலோ அதனால்தான்.

1990-களின் இறுதியில் லயன் காய்ச்சுவதைக் கொழும்புக்கு அருகில் பியகமவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே குளிர் இயந்திரத்தால் வருகிறது, கொதிநிலையும் ஊற்றுநீரும் மலையினுடையவை அல்ல. நல்ல ஆலைக்காரர் இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சரிக்கட்ட முடியும். கறுக்க வறுத்த பார்லியின் காப்பிக் கசப்பு தூக்கலாக இருப்பதால் ஸ்டவுட்டில் இந்த மாற்றம் எளிதில் தெரியாது, வெளிர் லாகரில் தெரியும்.

கே: பழைய டின் ஒன்று கிடைத்தது. தேதி இல்லை. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — ஹூஸ்டன் வாசகர்

ப: முதலில் தலையைப் பாருங்கள். புனல் மாதிரிக் கூம்பி மேலே பாட்டில் மூடி போட்டிருந்தால் 1935-க்குப் பிந்தியது. தட்டையாக, முக்கோணத் துளை போடும் ஓபனர் தேவைப்படும் மாதிரி இருந்தாலும் அதே 1935 முதல்தான். ரிச்மண்ட் நகரில் க்ரூகர் பீர் முதன்முதலாக டின்னில் விற்ற ஆண்டு அது. பிய்த்து எறியும் இழுப்புத் தகடு 1962 முதல், பிட்ஸ்பர்க்கின் அயர்ன் சிட்டி பீர் அதில் முன்னோடி. டின்னோடு ஒட்டியே நிற்கும் இன்றைய நெம்புகோல் 1975 முதல், லூயிவில்லின் ஃபால்ஸ் சிட்டி பீரில்.

அடுத்து எழுத்து. ‘இன்டர்னல் ரெவின்யூ டாக்ஸ் பெய்ட்’ (உள்நாட்டு வரி கட்டியது) என்று அச்சிட்டிருந்தால் 1950 மார்ச்சுக்கு முந்தியது. முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963-க்குப் பின். பார்கோடு இருந்தால் 1970-களின் நடுவுக்குப் பின். கர்ப்பிணிகளுக்கான அரசு எச்சரிக்கை இருந்தால் 1989 நவம்பருக்குப் பின். படம் எவ்வளவு பழசாக இருந்தாலும் இந்தக் கடைசி இரண்டும் இருந்தால் அது ‘பழைய மாதிரி’ போட்டு விற்ற புது டின். ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள்.

கே: துருவை எப்படி எடுப்பது? பீர் உள்ள டின்னை அப்படியே வைத்திருக்கலாமா? — சென்னை

ப: உள்ளே பீர் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். அது அமிலத்தன்மை உள்ளது, என்றாவது ஒருநாள் ஊசித்துளை போட்டு அலமாரியை நாறடிக்கும். திறக்க வேண்டியது அடிப்பக்கம்: முக்கோண ஓபனரால் எதிரெதிரே இரண்டு துளை. தலைப்பக்கம் கைபடாமல் இருந்தால்தான் சேகரிப்பாளர் மதிப்பார்.

துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம். பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி, கையுறை கட்டாயம், நஞ்சு என்பதால் குழந்தைகள் பக்கம் வேண்டாம். அரைமணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தங்க நிறமும் உலோகப் பளபளப்புச் சிவப்பும் முதலில் மங்கும், அப்படித் தெரிந்த உடனே எடுத்துவிடுங்கள். சென்னையில் இன்னொரு தொல்லை: போர் தண்ணீரில் கரைத்தால் அதிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து டின்மேல் வெள்ளைப் படலம் படியும், தேய்த்தாலும் போகாது. ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ போதும். பிறகு சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரால் உள்ளும் புறமும் உலர்த்தி, கார் மெழுகு லேசாகப் பூசுங்கள். ஈரம் தகட்டு இணைப்புக்குள் நின்றால் ஒரே வாரத்தில் துரு திரும்பும். அலுமினிய டின்னுக்கு இதெல்லாம் தேவையில்லை, செய்யவும் கூடாது.

கே: லேபிள் கிழியாமல் எடுக்க வழி? — மதுரை வாசகி

ப: பழைய காகித லேபிள்கள் பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையில் ஒட்டியவை. ஐஸ் தண்ணீருக்கு அசையாது, காரத்துக்கு இளகும். வெதுவெதுப்பான தண்ணீர் 5 லிட்டருக்கு வாஷிங் சோடா ஒரு கைப்பிடி. பாட்டிலிலும் அதே தண்ணீரை நிரப்பி முழுக்க அமிழ்த்துங்கள், வெறும் பாட்டில் மிதக்கும். ஒரு மணிநேரத்தில் தானாக நழுவ வேண்டும். நகத்தால் கிளப்பினால் ஓரம் கிழியும். நழுவிய லேபிளின் பின்பக்கப் பசையை நல்ல தண்ணீரில் விரலால் வழித்துவிட்டு, மெழுகுத்தாள்மேல் முகம் மேலாக வைத்து, அதன்மேல் மைஒற்றித்தாள், அதன்மேல் கனமான புத்தகம். இரண்டு நாள். வெயிலில் காயவைத்தால் சுருளும்.

ஸ்டிக்கர் வகைப் புது லேபிளுக்கு ஊறவைப்பது வீண். பாட்டிலுக்குள் சூடான தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பாட்டில் விரியும்.

இந்திய பாட்டில்களில் ஒரு குறிப்பு: கண்ணாடியில் ஒரு கம்பெனிப் பெயர் புடைத்திருக்க, லேபிள் வேறு கம்பெனியாக இருந்தால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். 650 மில்லி பாட்டில்கள் பழைய இரும்புக் கடை வழியாக ஆலைக்கு ஆலை சுற்றுபவை. லேபிளில் ‘இந்த மாநிலத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள், அது எந்தச் சந்தைக்குப் போனது என்று சொல்லிவிடும்.

கே: முப்பது வருடத்துப் பாட்டில் திறக்காமல் இருக்கிறது. குடிக்கலாமா? — நாகர்கோவில்

ப: சாதாரண லாகர் என்றால் ஈரமான அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும், மூடி வழியாக நுழைந்த ஆக்ஸிஜன் செய்த வேலை. பச்சைப் பாட்டிலாக வெளிச்சத்தில் நின்றிருந்தால் ஹாப்ஸ் உடைந்து மரநாய் நாற்றமும் சேரும். அலமாரியில் அழகாக இருக்கும், அங்கேயே இருக்கட்டும்.

கே: பீர் பாட்டிலைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாகக் கவிழ்த்தால் கிளிசரின் இறங்கிவிடும் என்று என் சித்தப்பா காலத்திலிருந்து செய்கிறார்கள். பலன் உண்டா? — சேலம்

ப: இறங்குவது பீர்தான். புளித்து முடிந்த பீரிலும் மிச்சச் சர்க்கரையும் மாவுச்சத்துத் துண்டுகளும் இருப்பதால் அது தண்ணீரைவிடச் சற்றுக் கனம், லிட்டருக்கு ஆறு முதல் பத்து கிராம் வரை கூடுதல். கவிழ்த்ததும் கனமான பீர் நூல் மாதிரிக் கீழே இறங்கும், லேசான தண்ணீர் மேலே ஏறிப் பாட்டிலுக்குள் போகும். அந்த நூலைத்தான் கிளிசரின் என்கிறார்கள். நொதிக்கும்போது ஈஸ்ட் கொஞ்சம் கிளிசராலைத் தானே உண்டாக்குகிறது. ஆனால் அது சர்க்கரை மாதிரிப் பீர் முழுக்கக் கரைந்திருப்பது, தனியாகப் பிரிந்து வராது. சித்தப்பாவுக்குத் தலைவலி குறைந்தது உண்மையாக இருக்கலாம்: பாட்டிலில் தண்ணீர் கலந்துவிட்டதல்லவா.